பூனைக்காலி: சுணைக்குப் பயப்படுறோம், பொடிய மட்டும் அசால்ட்டா முழுங்குறோம்

நான் மலையடிவாரத்துல கிளினிக் வச்சிருக்கிற சித்த மருத்துவன். தை மாசி ஆனா வேலியில படர்ற பூனைக்காலிக் கொடியில காய் முத்திரும், விறகுக்கும் ஆடு மேய்க்கவும் போனவங்க கை கழுத்தெல்லாம் சொறிஞ்சிகிட்டே வந்து நிப்பாங்க. காய் மேல பட்டு மாதிரி மினுங்குற சுணை குத்தி, அதுல இருக்கிற மியூக்குனைன்ங்கிற என்சைம் தோலுக்குள்ள இறங்குறதால வர்ற அரிப்பு இது, வழக்கமான அலர்ஜி அரிப்பு இல்ல, அதான் அலர்ஜி மாத்திரை செட்ரிசின் போட்டும் பெருசா கேக்க மாட்டேங்குது. இதுல சாம்பலு சாணினு வச்சு தேய்க்கிறாங்க, தேய்க்கத் தேய்க்க சுணை இன்னும் உள்ள போகும்ங்க. செல்லோடேப்ப ஒட்டி ஒட்டிப் பிச்சு எடுங்க, அப்புறம் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவுங்க. போட்டிருந்த துணிய தனியா துவைக்கணும், காய்ஞ்ச சுணையும் அரிக்கும். கண்ணுல பட்டுட்டா கசக்காம தண்ணி விட்டு கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

இதெல்லாம் ஒரு நாள் கூத்து. எனக்கு கவலை விதைதான்.

விதையில எல்-டோப்பா இருக்கு, பார்க்கின்சனுக்கு (கை நடுங்கி உடம்பு இறுகுற நோய்) நியூராலஜிஸ்ட், அதான் நரம்பு டாக்டர், எழுதுற அதே லெவோடோப்பா. 1937லயே சென்னைப் பல்கலைக்கழக லேப்ல தாமோதரன், ராமசாமினு ரெண்டு பேரு இந்த விதையில இருந்து அத பிரிச்சு எடுத்துட்டாங்க (நம்ம ஊர்ல இத யாரும் பேசறதே இல்ல). நாங்க விதைய பால்ல வேகவச்சு, தோல் உரிச்சு, காயவச்சு, சுத்தி பண்ணி (அதாவது நஞ்சு போகச் சுத்தம் பண்ணி), ஆளப் பாத்து அளவா குடுப்போம். ஆன்லைன்ல "ஆண்மைக்கு, நரம்புத் தளர்ச்சிக்கு"னு டப்பால வர்ற இந்த விதைப் பொடியில எத்தன மில்லிகிராம் எல்-டோப்பானு பல நேரம் போட்டே இருக்காது.

போன வருஷம் பார்க்கின்சன் இருக்கிற ஒரு பெரியவர மகன் கூட்டிட்டு வந்தாரு, கையும் கழுத்தும் தன்னால முறுக்கி முறுக்கி ஆடுது, ராத்திரி வீட்ல இல்லாத ஆள்கிட்ட பேசுறாராம், மகன் நோய் முத்திருச்சுனு நெனச்சுட்டாரு. விசாரிச்சா டாக்டர் மாத்திரையும் போட்டுகிட்டு இந்தப் பொடியும் வேளைக்கு ரெண்டு ஸ்பூன்! ரெண்டும் சேந்து டோஸ் எங்கயோ போயிருச்சு. 1989ல மொசாம்பிக்ல பஞ்சத்துல இந்தக் கொட்டைய தின்னு 200 பேருக்கு மேல புத்தி பேதலிச்சுப் போச்சு, அதனால மூலிகைதானே என்ன பண்ணிரும்னு எங்கிட்ட சொல்லாதீங்க.

குமட்டல், வாந்தி, எந்திரிச்சா கிறுகிறுப்பு இருந்தா பொடிய நிறுத்திட்டு டப்பாவோட வாங்க. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்க, பிரஷர் இருக்கிறவங்க, கர்ப்பிணிங்க கேக்காம தொடவே தொடாதீங்க. பார்க்கின்சன்காரங்க நியூராலஜிஸ்ட்கிட்டயும் சொல்லுங்க, என்கிட்டயும் சொல்லுங்க, திட்டுவாங்கனு மறைக்காதீங்க. அதுக்காக பயந்துபோய் நியூராலஜிஸ்ட் குடுத்த மாத்திரைய நீங்களா திடீர்னு நிறுத்திராதீங்க, உடம்பு வெறச்சு காய்ச்சல் வந்து ஐசியூ வரைக்கும் போயிரும்.