தற்காப்புக்காகச் சுட்டவருக்கு இலவச வக்கீல்: ஸ்டேஷனிலேயே கேளுங்கள்

இரவில் பூட்டை உடைத்து வீடு புகுந்தவனை, லைசென்ஸ் துப்பாக்கியால் வீட்டுக்காரர் சுடுகிறார். பணியில் தாக்கப்பட்ட போலீஸ் அதிகாரியும் சுடுகிறார். இருவருக்கும் தற்காப்புச் சட்டம் ஒன்றே: பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது), 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். ஆனால் அதிகாரிக்குப் பின்னால் ஒரு துறையே நிற்கிறது. பணி சார்ந்த செயல் என்றால் வழக்குச் செலவை அரசே ஏற்க விதிகளில் இடமுண்டு. அரசால் மட்டுமே பதவிநீக்கம் செய்யக்கூடிய அதிகாரி என்றால், அரசின் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்காது. வீட்டுக்காரருக்கு அன்றிரவு யாரும் இல்லை.

அவருக்கு இருப்பது, இலவச வக்கீல் தரும் 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். முதல் தடை வருமானச் சான்று. "தாசில்தாரிடம் வாங்கிட்டு வாங்க" என்று குடும்பத்தை அலைக்கழிப்பார்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. அந்தச் சட்டத்தின் பிரிவு 12ஐச் சொல்லுங்கள். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடையாது. வரம்பு பொருந்துகிறவருக்கும் பொதுவாக ஒரு பிரமாணப் பத்திரம் போதும். ஜாமீனில் வந்த பிறகு வருமானக் கேள்வி திரும்ப வரலாம். ஆகவே உள்ளே இருக்கும்போதே விண்ணப்பித்து விடுங்கள்.

அடுத்தது, "விசாரணைக்குத்தான் கூப்பிட்டிருக்கோம், கைது இல்லை, வக்கீல் எதுக்கு?" என்ற பேச்சு. கைதுக்கு முந்தைய விசாரணையிலும் வக்கீல் உதவி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது. கட்டணமில்லாத சட்ட உதவி எண் 15100க்கு வீட்டார் அழைத்து, ஸ்டேஷன் பெயரைச் சொல்லி வக்கீல் கேட்கட்டும். அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். வக்கீல் வரும்வரை வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்திட வேண்டியதில்லை என்பது சட்டம். துப்பாக்கியைத் துடைக்கவோ ஒளிக்கவோ கூடாது. பறிமுதல் செய்தால் மகஜரின் (பறிமுதல் விவரம் எழுதும் தாள்) நகல் கேளுங்கள்.

தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு சுட்டவருடையது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கு உங்கள் உடம்பிலுள்ள காயம் பெரிய ஆதாரம். வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் கெடுகின்றன. அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதியும்போது கூட வந்த போலீஸ்காரர் பேசுவார், டாக்டர் அதையே எழுதுவார். "கீழே விழுந்தார்" என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது மிகக் கடினம். எத்தனை பேர், எந்த ஆயுதம், எங்கே அடித்தார்கள் என்று நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். சின்னச் சிராய்ப்பையும் காட்டுங்கள்.

எதிராளி மீது உங்கள் புகாரும் அன்றே போக வேண்டும். சி.எஸ்.ஆர். (புகார் வந்தது என்பதற்கான) ரசீதோடு அனுப்பி வைப்பார்கள், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இது குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4). தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். இரவிலோ ஞாயிறன்றோ நீதிபதி வீட்டில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இலவச வக்கீல் உண்டு என்று மாஜிஸ்திரேட்டே சொல்ல வேண்டும் என்பது 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் வாய்விட்டுக் கேளுங்கள். போலீஸ் அடித்திருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். முடிந்தால் வக்காலத்தில் (வக்கீலை அமர்த்தும் பத்திரம்) அப்போதே கையெழுத்துப் போடுங்கள். சிறைக்குள் போய்விட்டால் அந்த ஒரு கையெழுத்துக்குச் சிறை அதிகாரியின் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டும், ஜாமீன் மனுவும் அதுவரை நகராது.

வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது எஃப்.ஐ.ஆர். நகல். எந்தப் பிரிவு என்று பாருங்கள். ஓடுகிறவனை முதுகில் சுட்டிருந்தால் தற்காப்பு வாதம் கிட்டத்தட்ட நிற்காது. அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள். 90 நாளில் (பத்தாண்டுக்குக் குறைந்த தண்டனைப் பிரிவுகளில் 60 நாளில்) குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. தானாகக் கிடைக்காது, மனுப் போட வேண்டும். மனுவுக்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். நாட்களை வீட்டில் எண்ணிக்கொண்டே இருங்கள்.

இலவச வக்கீலுக்கு ஊதியத்தை ஆணைக்குழு தருகிறது. "டைப்பிங் செலவு", "கிளார்க்குக்கு" என்று பணம் கேட்டால் தராதீர்கள். வாய்தாவுக்கே வராதவராக இருந்தால் மாற்றக் கேட்கலாம். இரண்டுக்கும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.