டிரம்முக்குள் ஒரு முந்திரி

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் போனவர்களுக்குத் தெரியும்: நன்கு வளர்ந்த ஒரு மரம் கிளைகளைத் தரைவரை இறக்கி ஒரு சின்ன மனையையே மூடிவிடும். அதே மரம் புதுச்சேரியில் என் மொட்டை மாடியில், ஒரு நீல டிரம்மில் நிற்கிறது. ஆள் உயரம்தான், காய்க்கிறது.

இதன் ரகசியம் ஒட்டில் இருக்கிறது. கொட்டை போட்டு முளைத்த கன்று பூக்கச் சில வருடங்கள் ஆகும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களின் ஒட்டுக்கன்றோ முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். பூக்கும் பருவத்தை எட்டிய முதிர்ச்சி கிளை நுனியின் திசுவில் தங்கியிருக்கிறது. காய்த்த தாய்மரத்தின் குச்சியை, ஒன்றரை மாதக் கன்றின் தண்டைப் பிளந்து செருகிக் கட்டினால் வேர் பச்சைக் குழந்தை, மேலே இருப்பது பெரிய மனுஷி. முதல் இரண்டு வருடப் பூவை மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிட வேண்டும். வேரும் கிளையும் திரண்ட பிறகு காய்க்கட்டும்.

மரம் பிழைப்பதும் சாவதும் டிரம்மின் அடியில் முடிவாகிறது. என் முதல் கன்றுக்கு, தண்ணீர் வடியட்டும் என்று அடியில் ஜல்லி கொட்டினேன். ஐப்பசி மழையில் இலை பழுத்து, வேர் அழுகிச் செத்தது. ஏன் என்று புரிய ஒரு ஸ்பாஞ்ச் போதும். முழுக்க நனைத்துக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாக நிறுத்துங்கள், மறுபடி சொட்டும். நுண்ணிய துளைகள் ஒரு குறிப்பிட்ட உயரம்வரை தண்ணீரைப் புவியீர்ப்புக்கு விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்ளும். தொட்டி மண்ணும் அப்படித்தான். அடியில் ஓர் ஈர அடுக்கு எப்போதும் நிற்கும். அங்கே காற்று இல்லை, வேர் மூச்சுவிட முடியாது. ஜல்லி போட்டால் அந்த அடுக்கு மறைவதில்லை. மண்ணின் சிறு துளையிலிருந்து ஜல்லியின் பெரிய இடைவெளிக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்காது. ஆகவே ஈரம் ஜல்லிக்கு மேலேறி வேர் நடுவே உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் ஆழமில்லாத அகன்ற தொட்டியைவிட உயரமான டிரம் நல்லது. அடி முதல் மேல்வரை ஒரே கலவை: செம்மண், கொரகொரப்பான மணல், மக்கிய எரு. காலாப்பட்டு, பண்ருட்டிச் செம்மண் மேடுகளில் முந்திரி செழிப்பதற்கு ஒரு காரணம், கடலூர் மணற்கல் மேல் உருவான அந்த மண்ணில் தண்ணீர் தேங்காததுதான். டிரம்மின் பக்கங்களிலும் துளை போடுங்கள். துளையை எட்டும் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து நின்றுவிடும், பின்னால் பக்க வேர்கள் கிளைக்கும். இல்லாவிட்டால் வேர் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றித் தன்னையே நெரித்துக்கொள்ளும்.

மாடி தாங்குமா என்று முதலில் பாருங்கள். ஈர மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. 100 லிட்டர் டிரம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தூணை ஒட்டி வைப்பது உத்தமம். கட்டியும் வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது மண்ணில் ஊன்றிய முந்திரிகளே வேரோடு சாய்ந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

முந்திரி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். அறுவடை முடிந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் மரம் அடங்கும், நுனிகளும் பெருகும். பூங்கொத்தில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய் பிடிப்பவை கொஞ்சமே. பூச்சிகள் வந்தால்தான் அதுவும், எனவே பூக்கும் நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள்.

பிறகு வருவதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். முதலில் பச்சைக் கொட்டை முழு அளவுக்கு வளர்கிறது. தாவரவியல் கணக்கில் அதுதான் கனி. அதன்பின் காம்பு உப்பி, சிவந்தோ மஞ்சளாகவோ நாம் பழம் என்று சொல்வதாகிறது. இரண்டு வாரம் தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன்.

கொட்டையை வீட்டில் சுடாதீர்கள். மாங்காய்ப் பால் பட்டால் தோல் புண்ணாகுமே, முந்திரியும் அதே குடும்பம். ஓட்டிலுள்ள எண்ணெய் இன்னும் கடுமை, அதன் புகையும் கண்ணையும் தொண்டையையும் தாக்கும். உடைப்பவர்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்வது அதற்காகத்தான். நான் கொட்டைகளைக் காயவைத்து, பண்ருட்டிப் பக்கம் போகும்போது உடைத்து வாங்கி வருகிறேன். பழத்தை அன்றே நறுக்கி உப்புத் தொட்டுச் சாப்பிட்டுவிடுகிறோம்.