பீல் செய்யும் முன்பே தோலைப் பழக்குங்கள்

முகப்பருவுக்குக் கெமிக்கல் பீல் (ஆசிட் பூசித் தோலின் மேலடுக்கை உரியவைக்கும் சிகிச்சை) செய்ய வருபவர்களில் பலர் முதலில் கேட்பது, "இன்னிக்கே பண்ணிடலாமா டாக்டர்?" என்றுதான். அவசரப்படவே கூடாது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் பழக்காமல் ஆசிட் வைத்தால், பரு இருந்த இடத்தில் கரும்புள்ளி வந்து உட்கார்ந்துகொள்ளும். அது மங்க மாதக்கணக்கில் ஆகும்.

தோலின் மேலடுக்கு முகம் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. எண்ணெய்ப் பசையும் இறந்த செல்களும் சேர்ந்த இடத்தில் ஆசிட் மேலாக நின்றுவிடும். மெலிந்த இடத்தில் ஆழமாக இறங்கும். அங்கே தோல் வெந்து அழற்சி வரும், அந்த அழற்சி நிறமிச் செல்களைத் தூண்டிவிடும். முன்கூட்டியே மேலடுக்கைச் சமன் செய்துவிட்டால் ஆசிட் ஒரே அளவில் இறங்கும், ஆறுவதும் சீக்கிரம் ஆறும்.

இதற்குக் குறைந்தது 2 வாரம் வேண்டும், 4 வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் இரவில் பூச அடாபலீன் 0.1% அல்லது ட்ரெட்டினாயின் 0.025% எழுதித் தருவோம். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போல வைத்தால் தோல் சமனாகாது. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். லேசாக உரிந்தால் மாய்ஸ்சரைசர் போடுங்கள். எரிச்சலும் சிவப்பும் அடங்காவிட்டால் நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லுங்கள். கிரீமையே தாங்காத தோல் ஆசிட்டைத் தாங்காது. ஏற்கெனவே கருந்தழும்பு உள்ளவர்களுக்கு கருமையை மங்கவைக்கும் அசெலாயிக் ஆசிட் கிரீமோ ஹைட்ரோகுவினோன் கிரீமோ சேர்ப்பதுண்டு. ஹைட்ரோகுவினோனை நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் பூச வேண்டாம், தோல் நிரந்தரமாகக் கறுத்துப்போகக்கூடும்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் இதில் எதைச் செய்தும் பயனில்லை. எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்திலும் கழுத்திலும் பூசுங்கள். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும்.

பீலுக்கு 3 முதல் 5 நாள் முன்பே இரவு கிரீமை நிறுத்த வேண்டும். த்ரெடிங், வேக்ஸிங், ப்ளீச், ஸ்கிரப் எல்லாம் ஒரு வாரத்துக்கு முன்பே நிற்கட்டும். பருவைக் கிள்ளாதீர்கள். கிள்ளிய பரு திறந்த புண். ஆசிட் அதன் வழியே நேராக உள்ளே போய்ப் பொருக்குத் தட்டும், குழித் தழும்பும் விழலாம்.

கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டியவை சில உண்டு. பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அண்மையில் நிறுத்தினீர்களா என்பதைப் பொறுத்துத்தான் பீலின் ஆழத்தை முடிவுசெய்கிறோம். உதட்டோரம் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்களுக்கு முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தர வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் சாலிசிலிக் ஆசிட் பீல் கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு கிரீமே கூடாது. முகம் வெளுக்க ஸ்டீராய்டு கலந்த கிரீம் பூசியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். தோல் மெலிந்திருக்கும், முதலில் அதைத் தேற்றியாக வேண்டும்.

வரும்போது வீட்டில் பூசும் ட்யூப்கள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். "வெறும் ஃபேர்னஸ் கிரீம்தான்" என்று சொல்லப்படும் ட்யூபின் பின்பக்கத்தில்தான் பல நேரம் ஸ்டீராய்டின் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறது.