கடைவாயில் வழியும் பால்

பேத்திக்கு ஒன்றேகால் வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாள் காலை எவர்சில்வர் டம்ளரை முதன்முதலாகத் தானே தூக்கினாள். பாலில் பாதி கடைவாய் வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. கொஞ்சம் மூக்கிலும் ஏறியது. “புரை ஏறிவிட்டது, யாரோ நினைக்கிறார்கள்” என்று உச்சியில் தட்டினாள் என் மனைவி. “இன்னும் ஆறு மாதம் பாட்டிலிலேயே குடிக்கட்டும் மாமா” என்றாள் மருமகள். பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் நான். எனக்குப் பிள்ளையின் மேல் சந்தேகம் வரவில்லை, டம்ளரின் மேல்தான் வந்தது.

புட்டியில் குடிப்பது பிள்ளைக்கு ஏன் சுலபம்? உதடுகள் ரப்பரைச் சுற்றி இறுக மூடிக்கொள்கின்றன. நாக்கு அதை மேலண்ணத்தோடு சேர்த்து அழுத்துகிறது. பிறகு நாக்கின் பின்பகுதியும் தாடையும் கீழே இறங்க, வாய்க்குள் இடம் பெரிதாகி அழுத்தம் குறைகிறது. சிரிஞ்சில் மருந்தை இழுப்பது போலப் பால் உள்ளே வருகிறது. வெளியேறிய பாலின் இடத்துக்குக் காற்று போயாக வேண்டும். நடுநடுவே குமிழ்கள் மேலேறுவது அதனால்தான். துளையோ சிறியது. பிள்ளை இழுப்பதை நிறுத்தினால் பாலும் ஏறக்குறைய நின்றுவிடும். ஊசுட்டேரிக்கு மதகு இருப்பது போலப் புட்டிக்கும் ஒரு மதகு உண்டு, அது ரப்பரில் இருக்கிறது.

டம்ளரில் அப்படி ஒன்று கிடையாது. சாய்த்தால் புவியீர்ப்பே பாலைத் தள்ளிவிடும். கீழுதடு விளிம்புக்கு அடியில் மெத்தை போல ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலுதடு இறங்கிப் பாலைத் தொட்டு, எவ்வளவு வருகிறது, எவ்வளவு சூடு என்று உணர வேண்டும். நாக்கு வெளியே நீளாமல் பற்களுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். தாடை ஒரே நிலையில் நிற்க வேண்டும். கை, சரியான நொடியில் சாய்ப்பதை நிறுத்த வேண்டும். இதுவரை சப்பி மட்டுமே பழகிய வாய்க்கு இவை அத்தனையும் புதிது. பிள்ளைகள் டம்ளர் விளிம்பைக் கடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறும்பு என்று அதட்டுகிறோம்; ஆடுகிற தாடையை நிலைநிறுத்த அவர்கள் கண்டுபிடித்த வழி அது. கடிக்காமலே தாடையை அசையாமல் பிடிப்பது இரண்டு வயதை ஒட்டித்தான் கைகூடும்.

இனி டம்ளருக்கு வருகிறேன். எங்கள் வீட்டு டம்ளர் 10 செ.மீ. உயரம், வாய் 7 செ.மீ. அகலம். பாதியளவு பால் இருக்கும்போது அது விளிம்பைத் தொட வேண்டுமென்றால் சுமார் 55 பாகை சாய்க்க வேண்டும். முக்கால் பங்கு நிரம்பியிருந்தால் சுமார் 35 பாகை போதும். “கொட்டிவிடுவாள்” என்று பயந்து இரண்டு மடக்கு மட்டும் ஊற்றிக் கொடுக்கிறோமே, அப்போதுதான் டம்ளரை ஏறக்குறையப் படுக்கவைக்க நேர்கிறது. கூடவே தலையும் பின்னால் சாய்கிறது. விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி இறங்கி, மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும். கழுத்து அண்ணாந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு தளர்கிறது. இதற்கிடையில் அடியில் இருந்த பால் ஒரே அலையாக வந்து மோதுகிறது. புரை ஏறுவதற்கு வேறென்ன வேண்டும்? யாரும் நினைத்திருக்கத் தேவையில்லை.

டவராவில் கொடுத்துப் பார்த்தேன். சாய்வு குறைந்தது, ஆனால் பிள்ளையின் வாயைவிட டவராவின் வாய் மிக அகலம், இரண்டு கடைவாயிலும் அருவி. கடைசியில் பெரிய மார்க்கெட் பக்கம் போய் 4 செ.மீ. உயரமும் 6 செ.மீ. அகலமும் உள்ள கிண்ணி ஒன்று வாங்கி வந்தேன். முக்கால் பங்கு நிரப்பினால் 18 பாகைச் சாய்விலேயே பால் உதட்டுக்கு வந்துவிடுகிறது. முதல் சில நாட்கள் பாலுக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சி. கெட்டியானது மெதுவாக நகரும். அடுத்த வேலைக்குத் தயாராக நாக்குக்கு அவகாசம் கிடைக்கும்.

கடலூர் முதுநகரில் பிறந்த என் மனைவி இதற்குள் பழைய சங்கை எடுத்து வைத்துவிட்டாள். மூக்கு நீண்ட, எங்கள் பிள்ளைகளுக்குப் புகட்டிய அதே சங்கு. பச்சைக் குழந்தைக்குப் புட்டியைவிட அது மேலானது, கழுவுவதும் சுலபம். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் இன்றும் பாலாடை என்ற மூக்கு வைத்த சிறு கிண்ணத்தால் புகட்டுகிறார்கள். ஆனால் சங்கின் மதகு புகட்டுகிறவரின் கையில் இருக்கிறது. அழுகிற பிள்ளையைப் பிடித்து வைத்து ஊற்றினால் ஆபத்து. தானே குடிக்கப் பழக வேண்டிய வயதில் அதற்கு வேலை இல்லை என்று சொன்னேன். அன்று பிற்பகல் எனக்குக் காபி தாமதமாகத்தான் வந்தது.

மகன் வாங்கி வந்த சிந்தாத கப் வேறு ரகம். தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டாது. உள்ளே இருக்கும் வால்வை உறிஞ்சித்தான் திறக்க முடியும். அப்படியென்றால் அதுவும் பாட்டில்தானே? பஸ் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டிலை நிறுத்துவதற்கு என்ன அவசரம் என்று மருமகள் கேட்டது நியாயமான கேள்வி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், 6 மாதத்தில் கப்பைப் பழக்கத் தொடங்கி 12 முதல் 18 மாதத்துக்குள் பாட்டிலை விடச் சொல்கிறது. நம் மருத்துவர்கள் பாட்டிலே வேண்டாம் என்பவர்கள். அதற்கு விளம்பரம் செய்யவே 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. முதல் காரணம் பல். புட்டியோடு தூங்கும் பிள்ளையின் மேல் முன்பற்களைச் சுற்றிப் பால் தேங்கி நிற்கிறது. கீழ்ப்பற்களை நாக்கும் உமிழ்நீரும் காக்கின்றன. மேலே அந்தக் காவல் இல்லை, தூக்கத்தில் உமிழ்நீரும் குறைந்துவிடும். பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்க, பிஎச் (அமிலம் கூடினால் இறங்கும் அளவு) 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். பாலில் சர்க்கரை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு காரணம் இரும்புச்சத்து. கையில் புட்டி இருந்தால் பிள்ளை நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு, அதன் கால்சியமோ மற்ற உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது, வயிறு நிரம்பியதால் சோறும் இறங்காது. ஒரு நாளைக்கு ஓர் அரை லிட்டர் பாண்லே பால் பாக்கெட், அதற்கு மேல் தேவையில்லை.

பகல் புட்டியை முதலில் நிறுத்தினோம். இரவுப் புட்டிதான் அடம் பிடித்தது. ஒவ்வொரு நாளும் அதில் பாலைக் கொஞ்சம் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினோம். பாலைக் கிண்ணியில் கொடுத்து, பல் துலக்கிவிட்டுப் படுக்க வைத்தோம். மூன்று வாரத்தில் வெறும் தண்ணீர்ப் புட்டியை அவளே தூக்கி எறிந்தாள்.

இப்போது கிண்ணியில் சிந்தாமல் குடிக்கிறாள், ஒரு வாய் மட்டும் எப்போதும் மிச்சம் வைப்பாள். அடியில் கிடக்கும் அதற்குக் கிண்ணியை ரொம்பவே சாய்க்க வேண்டும். அதை என்னிடம் நீட்டுகிறாள். நான் அண்ணாந்து குடித்தால் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.