இல்லாத மாத்திரைக்கு நாடாளுமன்றத்தில் ஒரு பதில்

1996 ஜூலையில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பாசில்டன் தொகுதி எம்.பி. டேவிட் அமெஸ் எழுத்து மூலமாக ஒரு கேள்வி கொடுத்தார். 'கேக்' என்ற போதைமருந்து விஷயத்தில் அரசு என்ன செய்கிறது என்பது கேள்வி. உள்துறை இணையமைச்சர் டாம் சாக்வில் பொறுப்பாகப் பதில் கொடுத்தார். கேக் என்பது இன்ன வேதிப்பொருள்தான் என்று, பைப்பரசின் வகையைச் சேர்ந்த ஒன்றின் வாயில் நுழையாத பெயர்கூட அந்தப் பதிலில் இருந்தது.

கேக் என்று ஒரு போதைமருந்தே கிடையாது. சேனல் 4-க்காக 'பிராஸ் ஐ' என்ற நையாண்டி நிகழ்ச்சியைத் தயாரித்துக்கொண்டிருந்த கிறிஸ் மோரிஸ் தரப்பு இட்டுக்கட்டிய பெயர் அது. அந்த மருந்தை எதிர்த்துப் போராடுவதாகச் சொல்லிக்கொண்ட அமைப்புகளும் கற்பனைதான்.

நிகழ்ச்சி 1997 தொடக்கத்தில் ஒளிபரப்பானது. அதில் அமெஸ் உள்ளங்கையை விடப் பெரிய ஒரு மஞ்சள் மாத்திரையைக் கையில் பிடித்தபடி மக்களை எச்சரிக்கிறார். தொலைக்காட்சித் தொகுப்பாளர் நோயல் எட்மண்ட்ஸ், இந்த மருந்து மூளையில் 'ஷாட்னர்ஸ் பஸூன்' என்ற பகுதியைத் தாக்குகிறது என்கிறார். ஷாட்னர், 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் நடிகர். பஸூன், ஊதி வாசிக்கும் ஒரு வாத்தியம். மூளையில் 'நம்பியார் நாதஸ்வரம்' என்று ஒரு பகுதி இருப்பதாக யாராவது நம்மிடம் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. அந்தப் பகுதிதான் நேரத்தை உணர்கிறதாம். அது கெட்டால் ஒரு நொடி ஒரு மாதமாகத் தெரியுமாம். பிராக் நகரில் ஒரு பள்ளிக்கூடப் பையன் நேராக டிராம் வண்டிக்கு முன்னால் இறங்கிவிட்டானாம், தெருவைக் கடக்க ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்து. நகைச்சுவை நடிகர் பெர்னார்ட் மானிங், ஒரு குழந்தை தன் உடம்பிலிருந்த தண்ணீர் மொத்தத்தையும் அழுதே தீர்த்துவிட்டது என்று கொதிக்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. பேசியவர்கள் வாயாலேயே இது ஒரு 'மேட்-அப்' மருந்து என்று சொல்ல வைத்திருந்தார் மோரிஸ். ஆங்கிலத்தில் அதற்கு 'பல பொருட்களைச் சேர்த்துத் தயாரித்தது' என்றும் கொள்ளலாம், 'கட்டுக்கதை' என்றும் கொள்ளலாம். தாங்கள் ஏமாற்றப்படுவதை அவர்களே கேமராவைப் பார்த்து அறிவித்தார்கள், காதில் மட்டும் ஏறவில்லை.

இதைப் பார்த்துவிட்டு 'எவ்வளவு அறிவிலிகள்' என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் இந்தப் பொறி முட்டாள்தனத்தை நம்பி வைக்கப்படுவதில்லை. நல்ல பழக்கங்களை நம்பி வைக்கப்படுகிறது.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவர், "அந்தப் புதுப் பாலம் வேலை முடிஞ்சிருச்சா சார்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாலம் என்று நமக்குத் தெரியாது. இருந்தாலும் "இன்னும் முடியலைன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிடுவோம். அவர் கேட்டது வேலை முடிந்ததா என்று மட்டுமே. பாலம் இருக்கிறது என்பதைக் கேள்விக்கு அடியில் ஒளித்துக் கொடுத்துவிட்டார், நாமும் பார்க்காமல் வாங்கிக்கொண்டோம். தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1975-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கு அடிப்படையாக இருப்பதை விளக்கினார். எதிரில் இருப்பவர் உண்மையைத்தான், பொருத்தமானதைத்தான் சொல்கிறார் என்ற ஒத்துழைப்பின் மேல்தான் உரையாடலே நடக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் சோதித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று கிளம்பினால் ஒரு டீகூட வாங்க முடியாது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1970-களின் கடைசியில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், '1975-ம் ஆண்டுப் பொது விவகாரச் சட்டம்' பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லவே இல்லை. கேட்டவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர், அதை ரத்து செய்யலாம் அல்லது கூடாது என்று ஏதோ ஒரு கருத்தைச் சொன்னார்கள். பெயரிலிருந்து, கேள்வியின் தோரணையிலிருந்து, தங்களுக்கு அரசின் மேல் ஏற்கெனவே இருக்கும் எண்ணத்திலிருந்து ஒரு பதிலைச் செய்துகொண்டார்கள். தெருவில் போகிறவருக்கே இந்த நிலை என்றால், கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருப்பதையே பிழைப்பாகக் கொண்ட எம்.பி.யை நினைத்துப் பாருங்கள். 'தெரியாது' என்ற சொல்லை அந்தத் தொழில் மெல்ல மெல்ல வாயிலிருந்து பிடுங்கிவிடுகிறது.

கூடவே ஒரு லாபநஷ்டக் கணக்கும் ஓடுகிறது. பிள்ளைகளைக் கொல்லும் போதைமருந்தை எதிர்க்க அழைக்கிறார்கள். சம்மதித்தால் அரை மணி நேரம் போகும். மறுத்தால், நாளை அந்த மருந்தால் ஒரு குழந்தை செத்தால், "உங்களிடம் வந்தோமே, விரட்டிவிட்டீர்களே" என்ற கேள்வி வரும். புகை எச்சரிக்கைக் கருவி தோசைக் கருகலுக்கும் அலறுவது போலத்தான் இது. தப்பாக அலறுவதில் பெரிய நஷ்டமில்லை, அலறாமல் இருந்துவிட்டால் வீடே போய்விடும்.

அடுத்தது, தோரணை. 1970-ல் அமெரிக்காவில் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் டாக்டர் மைரன் ஃபாக்ஸ் என்பவர், மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டைப் பற்றிப் பேசினார். உண்மையில் அவர் ஒரு நடிகர். முன்னுக்குப் பின் முரணாகவும் இல்லாத சொற்களைச் சேர்த்தும், ஆனால் கலகலப்பாகவும் பேச வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்டவர்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். ஒருவர், ஃபாக்ஸ் எழுதியதை முன்பே படித்திருப்பதாகக்கூடச் சொன்னார்! 1973-ல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு 'டாக்டர் ஃபாக்ஸ் விளைவு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2001-ல் வந்த 'பிராஸ் ஐ' சிறப்பு நிகழ்ச்சியில், டாக்டர் ஃபாக்ஸ் என்றே அழைக்கப்பட்ட ஒரு பிரிட்டிஷ் வானொலித் தொகுப்பாளர், குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குபவர்களின் மரபணுக்கள் நம்மைவிட நண்டுகளோடுதான் அதிகம் ஒத்துப்போகின்றன என்று சொல்லிவிட்டு, இதற்கு நிஜமான ஆதாரம் இல்லை, ஆனாலும் இது அறிவியல் உண்மை என்று முடித்தார். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்திருக்க முடியாது.

சரி, சம்மதித்தது இருக்கட்டும், அந்த மஞ்சள் மாத்திரையைக் கையில் வாங்கும்போதாவது உறைக்காதா? அது ஒரேயடியாக வரவில்லை என்பதுதான் விஷயம். 1966-ல் வெளியான ஒரு ஆய்வில், கலிஃபோர்னியாவில் வீட்டு வாசலில் 'கவனமாக ஓட்டுங்கள்' என்ற பெரிய, அசிங்கமான பலகையை நட அனுமதி கேட்டார்கள். சும்மா போய்க் கேட்டபோது 17 சதவீதம் பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். சாலைப் பாதுகாப்பு பற்றிய சின்ன அட்டை ஒன்றை ஏற்கெனவே ஒட்டச் சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம். எடுத்த எடுப்பில் ஒரு எம்.பி.யிடம் போய் 'ஷாட்னர்ஸ் பஸூன்' என்று சொல்லச் சொன்னால் எழுந்து போய்விடுவார். நல்ல நோக்கம், அமைப்பின் பெயர், ஒளி விளக்கு, கேமரா என்று படிப்படியாக உள்ளே வந்தவருக்கு, அந்தச் சொல் கடைசிப் படி மட்டுமே. அதற்குள் அவர் கவனமெல்லாம் உச்சரிப்பிலும் கேமராவைப் பார்ப்பதிலும் போய்விடுகிறது. எழுதிக் கொடுத்ததைப் பிசகாமல் ஒப்பிக்கும் வாய்க்குப் பொருள் தேவைப்படுவதில்லை. பள்ளி விழாவில் வரவேற்புரை வாசித்தவர்களுக்கு இது புரியும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. திரையில் நாம் பார்ப்பது விழுந்தவர்களை மட்டுமே. கடிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டவர்களுக்கு நிகழ்ச்சியில் இடமில்லை. அதனால் இதை வைத்து அரசியல்வாதிகளில் எத்தனை பேர் ஏமாறுவார்கள் என்று கணக்குப் போட முடியாது.

1990-களின் கடைசியில் இதே கடையைச் சாஷா பேரன் கோஹன் தலைகீழாகத் திறந்தார். மோரிஸ் விஷயம் தெரிந்தவர் போல வந்தார் என்றால், கோஹனின் 'அலி ஜி' ஒன்றுமே தெரியாத இளைஞனாக வந்தான். தெரியாதவன் எதிரில் உட்கார்ந்ததும் பெரியவர்கள் தானாகவே வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். பொறுமையாக விளக்குகிறார்கள், சிரிப்பை அடக்குகிறார்கள், அவமானப்படுத்திவிடக் கூடாதே என்று தவிக்கிறார்கள். தொழிற்கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான டோனி பென்னும் அது நிஜப் பேட்டி என்றுதான் நம்பினார். ஆனால் உதவித்தொகைக்காகத்தான் பெண்கள் கர்ப்பமாகிறார்கள் என்கிற மாதிரி அலி ஜி பேசியதும் அவர் தலையாட்டவில்லை. அங்கேயே கண்டித்து வாதாடினார். ஏமாந்தும் மானம் போகாமல் வெளியே வந்தவர் அவர். பொறி இழுப்பது ஒத்துப்போகும் பழக்கத்தை. பென்னுக்குப் பேட்டியாளர்களோடு ஒத்துப்போகும் பழக்கம் என்றைக்குமே இருந்ததில்லை.

இப்படியெல்லாம் ஏமாற்றிப் படம்பிடிக்கலாமா? பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதிகள் பொதுவாகக் கூடாது என்றுதான் சொல்கின்றன. வெறும் வேடிக்கைக்கு என்றால், ஒளிபரப்பும் முன் அந்த நபரின் சம்மதம் வேண்டும். பொதுநலன் இருந்து, வேறு வழியில் அந்தத் தகவல் கிடைக்காது என்றால் சம்மதம் இல்லாமலும் போடலாம். பிரபலங்களுக்குப் பாதுகாப்பு இன்னும் கொஞ்சம் குறைவு.

அமெஸ் அரசியலில் நீடித்தார். 2015-ல் புதுவகைப் போதைப்பொருட்களைத் தடைசெய்யும் மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை வகிக்க அவரையே நியமித்தபோது, பத்திரிகைகள் கேக்கை மறக்காமல் எடுத்துப் பரிமாறின. 2021-ல், தொகுதி மக்களின் குறைகளைக் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் அவர் கொலை செய்யப்பட்டார். 1996-ல் அவர் கேட்ட கேள்வியும், பைப்பரசின் பெயரோடு வந்த பதிலும், நாடாளுமன்றப் பதிவேடான ஹான்சார்டில் அப்படியே இருக்கின்றன.