திங்கட்கிழமை மேட்டினி: இரண்டாம் பாகங்களின் கணக்கு

சினிமா வியாபாரத்தில் தமிழ்நாட்டை மாவட்டமாகப் பார்ப்பதில்லை, ஏரியாவாகத்தான் பார்ப்பார்கள். 'சேலம் ஏரியா' என்றால் சேலத்தோடு நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியும் சேர்ந்தது. படம் முடியும் முன்பே, பல சமயம் ஒரு காட்சியைக்கூடப் போட்டுக் காட்டாமலே, இந்த ஏரியாவுக்கு ஒரு விலை சொல்லப்படும். எம்.ஜி. என்கிற மினிமம் கியாரண்டி முறையில் விநியோகஸ்தர் வாங்கிவிட்டால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. பார்க்காத பொருளுக்கு எப்படி விலை வைப்பது? முதல் பாகம் என்று ஒன்று இருந்தால் வைக்கலாம். அது இதே ஏரியாவில் எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் நின்றது, விநியோகஸ்தருக்கு எவ்வளவு ஷேர், அதாவது வசூலில் பங்கு, கொடுத்தது என்பதெல்லாம் டிசிஆரில், அதாவது தினசரி வசூல் அறிக்கையில், எழுதப்பட்டிருக்கிறது.

டிக்கெட் எடுப்பவருக்கும் இதே சிக்கல்தான். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, நான்கு பேராக வந்து படம் பார்த்து, தட்டுவடை செட் தின்று, பஸ்ஸுக்கு ஓடும் குடும்பத்துக்கு டிக்கெட் விலை மொத்தச் செலவில் ஒரு பங்கு மட்டுமே. சினிமாவைக் கத்தரிக்காய் மாதிரி அமுக்கிப் பார்த்து வாங்க முடியாது. தெரிந்த பெயர் ஒன்றுதான் துப்பு.

சேலத்துக்கு இது புதிதல்ல. ஏற்காடு சாலையில் இப்போது நுழைவு வளைவு மட்டும் மிஞ்சியிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், 1965-இல் 'வல்லவனுக்கு வல்லவன்' எடுத்தது. 1966-இல் 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' வந்தன. ஒன்றின் கதை இன்னொன்றில் தொடராது. தொடர்ந்தது அந்த ஒரு சொல். போஸ்டரில் அதைப் பார்த்ததுமே உள்ளே என்ன கிடைக்கும் என்பது பாதி தெரிந்துவிடும்.

பழகியது பிடித்துப்போவதை உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் 1968-இல் சோதனையாகவே செய்து காட்டினார்: அர்த்தமில்லாத சொற்களைக்கூட அடிக்கடி பார்த்தவர்கள் அவற்றை நல்லவை என்று மதிப்பிட்டார்கள். ஆனால் தியேட்டரில் நடப்பதை இதைவிட நன்றாக விளக்குவது நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குரங்குச் சோதனைகள். குரங்கு எதிர்பாராத நேரத்தில் அதன் வாயில் ஒரு துளி பழச்சாறு விழுந்தால், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படபடவென்று துடித்தன. ஒரு சமிக்ஞை காட்டிவிட்டுச் சாறு கொடுத்துப் பழக்கியபின், துடிப்பு சாற்றை விட்டுச் சமிக்ஞைக்கு இடம் மாறியது. சமிக்ஞை காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் ஏமாற்றியபோது, சாறு வர வேண்டிய அதே நொடியில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே போனது. கடைசியாகச் சொன்ன இந்தச் சரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முதல் நாள் முதல் காட்சி. திரை இருட்டு. முந்தைய பாகத்தில் கேட்ட தீம் இசையின் முதல் சில ஸ்வரங்கள் வருகின்றன. திரையில் ஒரு ஷூ, பிறகு ஒரு முதுகு. முகம் இன்னும் வரவில்லை, விசில் வந்துவிட்டது. துடிப்பு சமிக்ஞைக்கு இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். குரங்கின் நரம்பணுவிலிருந்து ரசிகர் கூட்டத்துக்குத் தாவுவது ஒப்புமைதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2011-இல் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதர்களையே ஸ்கேன் செய்தபோது, பிடித்த இசையில் உச்சம் வரும் முன்பே, எதிர்பார்ப்பின்போதே மூளையில் டோபமைன் சுரப்பதைக் கண்டார்கள். முதல் பாகம் இல்லாத படம் இந்தச் சமிக்ஞையைத் தன் செலவில் முக்கால் மணி நேரம் பழக்கியாக வேண்டும்.

ஓபனிங் இவ்வளவு பெரிதானதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீட்டருக்கு மேல். முன்பு அவ்வளவு பிலிமும் படப்பெட்டிகளில்தான் வரும். பெட்டிகள் சில, ஊர்களோ பல. டவுனில் ஓடித் தேய்ந்த பிறகுதான் சின்ன ஊர் கொட்டகைக்குப் போகும். இன்று பூட்டிய கோப்பு எல்லாத் தியேட்டருக்கும் முன்கூட்டியே போய்விடுகிறது. அதைத் திறக்க கேடிஎம் என்ற சாவி வேண்டும். டிஜிட்டல் சினிமாவுக்கான டிசிஐ விதிப்படி அது ஒரு குறிப்பிட்ட சர்வரின் சான்றிதழுக்கு மட்டுமே, குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். சர்வர் பழுதாகி வேறொன்று மாட்டி, புதிய சான்றிதழை அனுப்ப மறந்திருந்தால், வெளியே பட்டாசு வெடிக்க, உள்ளே படம் திறக்காது. கடிகாரத்தைத் திருப்பி ஏமாற்றலாம் என்றால், ஆண்டுக்கு 6 நிமிடத்துக்கு மேல் நகர்த்த விடாது. இந்த ஏற்பாட்டால் சேலம், ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே படத்தைத் திறக்கின்றன. பழக்கிய சமிக்ஞையும் ஒரே நாளில் எல்லா ஊரிலும் வேலை செய்கிறது.

இனி பணம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஏரியாவில் 40 திரை, தலா 400 இருக்கை, நாளைக்கு 4 காட்சி: 64,000 டிக்கெட். வியாழன் முதல் ஞாயிறு வரை 75 சதவீதம் நிரம்பினால் 1,92,000 டிக்கெட். வரி போக டிக்கெட்டுக்கு 100 ரூபாய், அதில் விநியோகஸ்தருக்கு 65 சதவீதம் ஷேர் என்றால் கையில் வருவது சுமார் 1 கோடியே 25 லட்சம். எம்.ஜி. கொடுத்தது இரண்டரைக் கோடி என்று வைத்துக்கொண்டால், அமோக ஓபனிங் எடுத்தும் பாதிதான் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை அரங்கு 30 சதவீதமாக இறங்குகிறது. அன்றைய ஷேர் சுமார் 12.5 லட்சம். அதன்பின் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட எவ்வளவு குறைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே விகிதத்தில் குறையும் தொகைகளைக் கடைசிவரை கூட்ட ஒரு சுருக்குவழி உண்டு: முதல் தொகையைக் குறைவு விகிதத்தால் வகுத்தால் போதும். நாளுக்கு 15 சதவீதம் குறைந்தால் 12.5-ஐ 0.15-ஆல் வகுக்க, 83 லட்சம் வருகிறது. மொத்தம் 2 கோடியே 8 லட்சம். 42 லட்சம் நஷ்டம். 8 சதவீதம் மட்டும் குறைந்தால் 1 கோடியே 56 லட்சம் வருகிறது. 31 லட்சம் லாபம். அதே ஓபனிங், அதே திங்கட்கிழமை. (விளம்பரச் செலவையும், வாரக்கடைசியில் கொஞ்சம் ஏறுவதையும், போகப்போக ஷேர் சதவீதம் இறங்குவதையும் இதில் விட்டிருக்கிறோம். சேர்த்தாலும் பாடம் மாறாது.)

குரங்குச் சோதனையின் சரிவு இங்கேதான் பணமாகிறது. சமிக்ஞை இல்லாமல் வந்த சுமார் படம் வெறும் சுமார்தான். சமிக்ஞை காட்டிவிட்டுச் சாறு கொடுக்காத இரண்டாம் பாகம், சுமாரை விடக் கீழே போகும். 'மொதப் பாகம் மாதிரி இல்லீங்க' என்று வெளியே வருபவர் சொல்லும் ஒரு வரி, 8-ஐ 15 ஆக்கப் போதுமானது. அரங்கை நிரப்பிய அதே பெயர்தான் இந்த வேலையையும் செய்கிறது.

நீண்டகாலம் ஓடும் தொடர்கள் எதை மாற்றுகின்றன, எதைத் தொடுவதில்லை என்று பார்த்தால் இது தெரிந்தே செய்யப்படுவது புரியும். ஈயான் நிறுவனத்தின் ஜேம்ஸ் பாண்ட் படங்கள் 1962 முதல் 2021 வரை 25. நடிகர்கள் ஆறு பேர் மாறினார்கள், வில்லன்கள் பெரும்பாலும் படத்துக்குப் படம் மாறினார்கள், 007 என்ற எண்ணும் கிட்டார் தீமும் இருந்தன. நம்மூர்ப் பேய்ப்பட வரிசைகளும் இப்படித்தான்: பேயின் முன்கதை புதிது, பயந்து ஓடும் கூட்டம் பழையது. இரண்டையும் மாற்றினால் சமிக்ஞை செத்துவிடும்; எதையும் மாற்றாவிட்டால் சாறு புளித்துவிடும்.

மூன்றாம் பாகத்துக்கு விலை பேச உட்காரும்போது, இரண்டாம் பாகத்தின் முதல் நாள் வசூலைத்தான் எதிரில் வைப்பார்கள். அது பெயரின் பலத்தை மட்டுமே காட்டும். படம் நின்றதா என்று பார்க்க, ஏரியா வாங்குபவர் கேட்டு வாங்க வேண்டியது இரண்டாவது திங்கட்கிழமை மேட்டினியின் டிசிஆரை, அதுவும் டவுனில் எடுத்ததை விட்டுவிட்டு, ஆத்தூரில் எடுத்ததை.