வாடையில் சூலுற்று வெயிலில் பரவும் மதில் பாசி

ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை இறங்கியதும் திருகோணமலையின் மதில்களுக்கும் கிணற்றுக்கட்டுகளுக்கும் பச்சை ஏறத் தொடங்கிவிடும். பிரெட்றிக் கோட்டையின் பழைய கற்சுவர்களும் இதற்கு விலக்கல்ல. பாசிதானே என்று சுரண்டி எறிந்துவிடுகிறோம். அந்தப் பச்சைக்குள் ஒரு தலைமுறையின் தலைமேல் இன்னொரு தலைமுறை ஏறி நின்று வாழ்கிறது.

எல்லாம் ஒரு வித்தியில், பாசிக்கு விதைபோல் உதவும் ஒரு நுண்கலத்தில், தொடங்குகிறது. தூளிலும் நுண்ணிய அந்த வித்தி ஈரச் சுவரில் ஒட்டி முளைத்ததும் மெல்லிய பச்சை இழைகளாகப் படரும். முதலிழை எனப்படும் இதில் ஆங்காங்கே மொட்டுகள் அரும்பும். மொட்டு ஒவ்வொன்றும் இலையுள்ள சிறு செடியாக எழும். வேர்கள் கிடையா, சுவரைப் பற்றிக்கொள்ள வேர்ப்போலிகள் உண்டு. பெரும்பாலான பாசிகளின் இலை ஒரே கலத் தடிப்புடையது என்பதால், நீரை உடலெங்கும் நேரடியாகவே உறிஞ்சிக்கொள்கிறது.

இந்தச் செடிதான் புணரிகளை, அதாவது இனப்பெருக்கக் கலங்களை, உண்டாக்கும் புணரித்தாவரம். அதன் ஆண் உறுப்பிலிருந்து வெளிவரும் புணரிக்கு நீந்துவதற்கு வால்போன்ற இரண்டு சவுக்குமுளைகள். பெண் உறுப்பின் ஒடுங்கிய கழுத்து வழியே இறங்கி முட்டையைச் சேர அது நீந்தியாக வேண்டும். நீர்ப்படலம் இடையில் அறுந்தால் பயணமும் அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் பாசிக்கு மழை இவ்வளவு முக்கியம். தெறிக்கும் துளிகளும் புணரிகளைச் சுமக்கின்றன. சிற்றுண்ணிகள், வில்வாலிகள் என்ற சின்னஞ்சிறு பிராணிகளும்கூட அவற்றைக் காவிச் செல்கின்றன என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கருவுற்ற முட்டை தாயை விட்டுப் பிரிவதில்லை. தாயின் நுனியிலேயே மயிர்போன்ற காம்பு ஒன்று நீண்டு, அதன் உச்சியில் வித்திப்பை திரளும். இது வித்தித்தாவரம், அடுத்த தலைமுறை. நீருக்கும் உணவின் பெரும்பகுதிக்கும் தாயையே நம்பியிருக்கிறது. கைவில்லையால் பார்த்தால் இளம் பையின் தலையில் ஒரு மெல்லிய தொப்பி தெரியும். எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு அதுதான்: பிள்ளை வளர்கையில் கிழிந்து மேலே வந்த தாயின் இழையம் அது. பைக்குள் ஒடுக்கற்பிரிவு, அதாவது நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் கலப்பிரிவு, நடந்து புதிய வித்திகள் உருவாகின்றன.

பை முதிர்ந்ததும் தொப்பி உதிரும், மூடி கழன்று விழும். பல இனங்களில் வாயைச் சுற்றி நுண்பற்கள் உண்டு. ஈரப்பதம் மாற மாற அவை வளைந்தும் நிமிர்ந்தும் வித்திகளைச் சிறுகச் சிறுகக் காற்றில் விடும். சூலுறுவதற்கு மழை எப்படித் தேவையோ, பரவுவதற்கு உலர்ந்த காற்று அப்படி உதவுகிறது.

ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது மதில் கருகிப்போய்த் தெரியும். மதில் பாசிகள் பல அப்போதும் சாவதில்லை. இலைகளைச் சுருட்டி, உயிர்ச்செயல்களை ஏறக்குறைய நிறுத்திவைத்திருக்கின்றன. ஒரு சிரங்கை நீர் தெளித்துப் பாருங்கள், சில நிமிடங்களில் இலைகள் விரியும்.